கச்சான் காலத்து இடம்: திருவனந்தபுரம் கடற்கரையும் பெரும் பயணப் படகுகளின் துறைச் சிக்கலும்

பாயையும் ஒரு சிறு எஞ்சினையும் நம்பி மாதக்கணக்கில் கடலில் வாழும் பெரிய பயணப் படகுக்குக் கரையில் இடம் தேடுவது, உலகின் பல கடற்கரைகளில் பணத்தையும் காத்திருப்போர் பட்டியலையும் பொறுத்த காரியமாகவே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அது முதலில் நீரின் அமைதியைப் பொறுத்தது. தெற்கே பொழியூர் முதல் வடக்கே காப்பில் வரை ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளும் இம்மாவட்டக் கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின் போதும் படகு ஒதுங்கி நிற்கத்தக்க இடமாக விழிஞ்ஞம் ஒன்றே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்த ஒதுங்கிடத்துக்கோ தலைமுறை தலைமுறையாக அதைப் பயன்படுத்திவரும் மீனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, வெளிநாட்டிலிருந்தோ மும்பை, கோவாவிலிருந்தோ வரும் ஒரு பெரும்படகு இக்கரையில் எங்கே கட்டப்படலாம், எந்த மாதத்தில் கட்டப்படலாம், யாருடைய இடத்தில் கட்டப்படும் என்ற மூன்று கேள்விகளையும் பிரித்துப் பார்க்க இயலாது.

செய்தித்தாள்கள் இவ்வகைப் படகுகளைச் சொகுசுப் படகுகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தியப் பெருங்கடலைக் கடப்பவற்றில் பெரும்பாலானவை 12 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் இடைப்பட்ட நீளமுடையவை. ஓய்வுபெற்ற தம்பதியரோ சிறு குழந்தைகளுடன் கிளம்பிய குடும்பமோ வீடாகக் கொண்டிருப்பவை. அவர்களுக்குத் துறை என்பது கேளிக்கை இடமாக இருப்பதைக் காட்டிலும், குடிநீர் நிரப்பவும் கிழிந்த பாயைத் தைக்கவும் எஞ்சினைப் பழுதுபார்க்கவும் நோயுற்றவரை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும் சில இரவுகள் அச்சமின்றி உறங்கவும் வேண்டிய இடமாகும்.

அளவு என்னும் முதல் கணக்கு

ஒரு படகுக்கு இடம் கேட்கும்போது நான்கு அளவுகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, முன்னே நீட்டியிருக்கும் கம்பும் பின்னே தொங்கும் சிறு படகும் உட்பட்ட முழு நீளம். பத்திரத்தில் எழுதியுள்ள நீளத்தைவிட இது 1 முதல் 2 மீட்டர் வரை கூடுதலாக இருப்பதுண்டு, பல தகராறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. இரண்டாவது அகலம். மூன்றாவது மிதவை ஆழம், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே படகின் அடிப்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்னும் அளவு. 15 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடற்பகுதிப் பாய்மரப் படகுக்கு இது 2 மீட்டரைத் தாண்டுவது இயல்பு. நான்காவது நீர்மட்டத்திலிருந்து பாய்மர உச்சி வரையிலான உயரம். அதே படகுக்கு இது 20 மீட்டரை ஒட்டியிருக்கும், அதனாலேயே பாலங்களும் மின்கம்பிகளும் அதற்கு மூடிய கதவுகளாகின்றன.

நீளம் கூடும்போது தேவைப்படும் நீர்ப்பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட வேகமாகக் கூடுகிறது. 10 மீட்டர் படகுக்கு 12 மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்ட இடம், அதாவது 54 சதுர மீட்டர், போதுமென்றால், 18 மீட்டர் படகுக்கு ஏறத்தாழ 20க்கு ஆறரை என்ற கணக்கில் 130 சதுர மீட்டர் வேண்டும். அத்துடன் அது திரும்பி நுழைவதற்குத் தன் நீளத்தின் ஒன்றரை மடங்கு அகலமுள்ள நீர்வழியும் எதிரே காலியாக இருக்க வேண்டும். ஒரு பெரிய படகு நிற்குமிடத்தில் இரண்டு மூன்று சிறு படகுகளை நிறுத்தி வாடகை பெறலாம் என்பதால், படகுத்துறை கட்டுவோர் நடுத்தர அளவை மனத்தில் கொண்டே திட்டமிடுகிறார்கள். பெரும்படகுகளுக்கு மிஞ்சுவது மிதவைத் தளத்தின் கடைசி முனை மட்டுமே. அது காற்றும் அலையும் முதலில் தாக்கும் முனையாகவும் இருந்துவிடுகிறது.

இரட்டை உடற்பகுதி கொண்ட படகுகளின் நிலை இன்னும் கடினமானது. ஆங்கிலம் அவற்றை அழைக்கும் பெயர் தமிழின் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனது. மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்த அந்த மூலக் கலம் பூந்துறை, புல்லுவிளை போன்ற ஊர்களின் மணலிலிருந்து அலையைப் பிளந்து சென்றது, அதற்குத் துறையே தேவைப்படவில்லை. அதன் பெயரைச் சுமந்து இன்று உலகைச் சுற்றும் 15 மீட்டர் இரட்டைப் படகோ 8 மீட்டர் அளவுக்கு அகலமுடையது. பல நாடுகளில் அதற்கு ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ கட்டணம் பெறுகிறார்கள். மிதவை ஆழம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்குவது மட்டுமே அதற்குள்ள ஆறுதல். தூர்ந்துபோன துறைகள் மிகுந்த கேரளத்தில் அது சிறிய ஆறுதல் அன்று.

திறந்த கடலின் இயல்பு

திருவனந்தபுரத்தில் ஏன் இயற்கையான துறைகள் இல்லை என்பதற்கு விடை கரையின் வடிவிலேயே இருக்கிறது. தெற்கே அண்டார்க்டிகா வரை தடையின்றி விரிந்த பெருங்கடலை இக்கரை நேராக எதிர்கொள்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனப்படும் மேற்குக் காற்று பலத்து வீசும்போது கரையோர அலைகள் மணலை வாரிக்கொண்டு போவதும், காற்றடங்கிய மாதங்களில் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவருவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. பருவக்காற்று இல்லாத மாதங்களிலும் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. உள்ளூர் மீனவர்கள் கள்ளக்கடல் என்றழைக்கும் நிகழ்வு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் நீண்ட அலைகள் சில நாள் பயணத்துக்குப் பின், காற்றே இல்லாத தெளிந்த பகலில் திடீரெனக் கரையேறுவதாகும்; பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருவது. மீனவர் வழக்கிலிருந்த இந்தச் சொல் இன்று அறிவியலாளர்களின் கலைச்சொல்லாகவும் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கைகளில் இடம்பெறும் சொல்லாகவும் ஆகிவிட்டது.

கட்டப்பட்ட படகுக்குக் கள்ளக்கடல் ஏன் கொடியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். குறுகிய அலை படகைத் தூக்கித் தாழ்த்துவதோடு நின்றுவிடும். பதினைந்து விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியுடைய நீண்ட அலையோ தடுப்புச் சுவரின் வாயில் வழியாக உள்ளே புகுந்து, முழு நீர்ப்பரப்பையும் தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பத்து இருபது டன் எடையுள்ள படகு ஒவ்வொரு ஆட்டத்திலும் கயிற்றை முழுவிசையுடன் இழுக்கும். ஓர் இரவுக்குள் கயிறு தேய்ந்து அறும், அல்லது படகின் தளத்தில் பதித்துள்ள இரும்புக் கட்டையே பிடுங்கிக்கொண்டு வரும். இக்கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், கட்டுவோர் அஞ்ச வேண்டியது நீர்மட்டத்தின் உயர்வு தாழ்வைக் காட்டிலும் இந்த ஆட்டத்தைத்தான்.

வலியதுறைப் பாலத்தின் வரலாறு இதற்கு நெடிய சான்றாக நிற்கிறது. உள்ளே ஒதுங்க இடமில்லாததால், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் பொருட்டுக் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று 1825இல் அங்கே அமைக்கப்பட்டது. 1947இல் ‘பண்டிட்’ என்னும் கப்பல் மோதி அது உடைந்தது, உயிர்களும் போயின. 1956இல் கான்கிரீட் தூண்களின் மீது புதிய பாலம் எழுந்தது. 2021இல் டவ்தே புயலையொட்டிய கடல் சீற்றத்தில் அது சரிந்தது, 2024இல் இரண்டாகப் பிளந்தது. இரு நூற்றாண்டு முயற்சி இப்படிச் சிதைந்து நிற்பதைச் சங்குமுகம் பக்கம் போகிறவர் எவரும் வருத்தமின்றிப் பார்க்க முடியாது. திறந்த கடலில் நீட்டிய பாலம் சரக்கு இறக்க உதவலாம். படகைக் கட்டிவைக்க அது எக்காலத்திலும் உதவாது என்பதே அதன் பாடம்.

தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் துறை பிறந்துவிடும் என்ற எண்ணத்தையும் இம்மாவட்டமே மறுக்கிறது. பெருமாதுறை அருகே கடினம்குளம் காயல் கடலில் கலக்கும் முதலப்பொழியில், இருபுறமும் கல்சுவர் நீட்டி மீன்பிடித் துறைமுகம் அமைக்கப்பட்ட பிறகு, முகத்துவாரத்தில் மணல் குவிந்து அலை அங்கேயே முறிந்து விழத் தொடங்கியது. படகு கவிழ்ந்து இறந்த மீனவர்களின் எண்ணிக்கை பல பத்துகளைத் தாண்டியிருக்கிறது. அன்றாடம் அவ்வழியே போய்வரும் கைகளே தவறும் வாயிலில், முதன்முறையாக வரும் அயலார் படகு நுழைய எண்ணுவது தற்கொலைக்கு ஒப்பானது.

விழிஞ்ஞத்தின் நீர்

நகரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தெற்கே, பாறை முனைகளுக்கு இடையே அமைந்த சிறு குடாவான விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் துறையாக இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனும் பின்னர் முதலாம் இராசராசனும் அதன்மீது படையெடுத்தார்கள். இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலைக் கலமறுப்பு திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அங்கே ‘கலம்’ என்பது கப்பலா, உண்கலமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கலம் கப்பலைக் குறிக்குமாயின், இக்கரையில் ஒதுங்கிடம் எவ்வளவு அரியதாக இருந்தது என்பதற்கு அப்போர்களே சாட்சி என்று கொள்ளலாம்.

இன்றைய மீன்பிடித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் 1960களில் தொடங்கிப் பல கட்டங்களாக எழுந்தவை. சுவருக்கு வெளியே அலை எவ்வளவு வலியது என்பதற்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியலாளர்கள் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையத்தை 1991இல் இங்கேதான் நிறுவினார்கள் என்பது போதிய அடையாளம். சுவருக்கு உள்ளே கிடைக்கும் அமைதியோ மாவட்டம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அமைதியாக இருக்கிறது. கேரளத்தில் சூன் 9 நள்ளிரவு முதல் சூலை 31 வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை உண்டு; பாரம்பரிய வள்ளங்களுக்கு அத்தடை இல்லை. தங்கள் ஊர் மணலிலிருந்து அலையைக் கடக்க முடியாத அந்த மாதங்களில், மாவட்டத்தின் பிற கடலோர ஊர்களின் மீனவர்கள் வள்ளங்களையும் வலைகளையும் எஞ்சின்களையும் கொண்டுவந்து விழிஞ்ஞத்திலிருந்து கடலுக்குப் போகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவர்களும் வருவதுண்டு. கடல் மிகக் கொடியதாக இருக்கும் பருவமே விழிஞ்ஞத்தில் மீன் மிகுதியாக இறங்கும் பருவமாக அமைந்திருப்பது இதனால்தான். ஒரு பெரும் பயணப் படகு அடைக்கலம் வேண்டி வரக்கூடிய அதே நாட்களில், அத்துறையில் ஒரு வள்ளத்துக்கும் மறு வள்ளத்துக்கும் இடையே கைகூட நுழையாது. 18 மீட்டர் படகு ஒன்றை அங்கே நிறுத்துவது பல குடும்பங்களின் அன்றைய உலையை அணைப்பதாகும். அதற்கு எந்தக் கட்டணமும் ஈடாகாது.

இதே விழிஞ்ஞத்தில் எழுந்துள்ள புதிய சரக்குத் துறைமுகம் இக்கேள்வியை மாற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2015 ஆகத்து மாதத்தில் ஒப்பந்தமாகி அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய பணியில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்புச் சுவரும் 800 மீட்டர் கொள்கலன் கப்பல் தளமும் உருவாயின. 2024 சூலையில் ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற முதல் பெரிய கொள்கலன் கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பன்னாட்டுக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவு (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்), கரையருகிலேயே 18 மீட்டருக்கு மேற்பட்ட இயற்கை ஆழம் ஆகிய இரண்டும் அதன் பெருமைகளாகச் சொல்லப்படுகின்றன. கொள்கலன் கப்பலுக்கு வரமான அந்த ஆழம் பயணப் படகுக்கு இடராகும் என்பது கவனிக்கத்தக்கது. நங்கூரம் பிடிக்க நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளச் சங்கிலியை விட வேண்டும்; 18 மீட்டர் ஆழத்தில் அது 90 மீட்டரைத் தாண்டும், பல படகுகளிடம் அவ்வளவு சங்கிலியே இராது. மேலும், கொள்கலன் கப்பல்கள் திரும்பும் நீரில் சிறு படகுகள் நிற்பதைத் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் இயல்பாகவே அனுமதிப்பதில்லை.

துறைமுகப் பணியால் கரையரிப்பு மிகுந்து வீடுகளை இழந்ததாகக் கூறி மீனவர்கள் 2022 ஆகத்து முதல் டிசம்பர் வரை நடத்திய போராட்டத்தை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. அரிப்பின் காரணம் பற்றி அரசும் மீனவரும் வேறுபட்டாலும், அமைதியான நீர் ஒரு சாராருக்குப் புதிதாகக் கிடைக்கும்போது மற்றொரு சாராரின் மணல் போய்விடுமோ என்ற அச்சம் உண்மையானது. படகுத்துறை பற்றிப் பேசும் எவரும் அந்த அச்சத்தோடுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

தூத்தூர்ப் படகுகள் நிற்குமிடம்

பெரும்படகுக்கு இடம் தேடும் கலையை இப்பகுதியில் மிக நன்றாக அறிந்தவர்கள், பொழியூருக்கு அடுத்தே தமிழ்நாட்டு எல்லையில் தொடங்கும் தூத்தூர் வட்டார மீனவர்கள். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கி, குசராத்துக் கடல் முதல் இலட்சத்தீவுக்கு அப்பாலும் போய்வருபவை. நீளத்தில் பயணப் படகுகளுக்குக் குறைந்தவையல்ல. ஆனால் அவர்களின் வீட்டு வாசலில் அவற்றைக் கட்ட இடமில்லை. அதனால் அவர்கள் இரண்டு தலைமுறையாகக் கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, அங்கிருந்து கடலுக்குப் போய், பேருந்திலும் ரயிலிலும் ஊருக்கு வருகிறார்கள். வீட்டுக்கு அருகே கட்டப்பட்ட தேங்காப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்திலும் மணல் குவிந்து பல உயிர்கள் பலியாயின.

அவர்களின் வழக்கத்திலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. வீட்டின் அண்மையைவிட நீரின் பாதுகாப்பையே அவர்கள் தேர்ந்தார்கள். இடத்தை ஒரு தனிப் படகாகக் கேட்காமல், கரையில் தங்களுக்காக நிற்கும் முகவர் வழியாகவும் சக படகுகளின் துணையோடும் உறுதிசெய்தார்கள். அவ்விடத்திலும் ஒரு படகை ஒட்டி மறு படகைக் கட்டி நான்கைந்து வரிசையாக நிற்கப் பழகினார்கள். மூன்றாவதாக, புயல் வரும் வழியைக் குறித்த பழைய நம்பிக்கைகளைக் கைவிட நேர்ந்தது. 2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கருகே விரைந்து வலுப்பெற்றபோது இவ்வூர்களும் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிகளும் பெருமளவில் ஆட்களை இழந்தன. எட்டாம் அட்சக்கோட்டை ஒட்டிய கடலில் கடும்புயல் வருவது அரிது என்று நம்பிப் படகை விட்டுச்செல்லும் எவரும் அந்த நாட்களை மறக்கலாகாது.

கொச்சியும் பிற துறைகளும்

திருவனந்தபுரத்துக்கு வர விரும்பும் பெரும் பயணப் படகு, இன்றைய நிலையில் உண்மையாகக் கட்டப்படக்கூடிய அண்மைத் துறை கொச்சிதான். விழிஞ்ஞத்திலிருந்து அது சுமார் 105 கடல் மைல் தொலைவு, மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் பதினெட்டு மணி நேரப் பயணம். 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி அகற்றி, அந்த மண்ணைக் கொண்டே வெலிங்டன் தீவை உருவாக்கினார். 1928இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. கச்சான் காலத்திலும் காயலுக்குள் நீர் அமைதியாக இருப்பது அந்த உழைப்பின் பலனாகும். 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் படகுப் பந்தயம் இங்கே தங்கிச் சென்றது. பந்தயத்தின் 70 அடிப் படகுகள் நாலரை மீட்டர் மிதவை ஆழமும் 31 மீட்டருக்கு மேற்பட்ட பாய்மரமும் கொண்டவை. அவற்றையே ஏற்ற துறைக்கு ஆழமோ திறமையோ போதாது என்று எவரும் சொல்ல முடியாது.

அதன்பின், 1744இல் டச்சுக்காரர் கட்டிய போல்காட்டி அரண்மனை வளாகத்தையொட்டி, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முப்பதுக்கும் மேற்பட்ட படகுகளுக்கான பன்னாட்டுப் படகுத்துறையை அமைத்தது. நீர், மின்சாரம், சாய்வின்றி நடக்கத்தக்க மிதவைத் தளம், ஊருக்குள் செல்ல எளிய வழி ஆகியவை அங்கே உண்டு. அதன் தீராத நோய் வண்டல்: பெரியாறும் பிற ஆறுகளும் கொண்டுவரும் சேறு விரைவில் படிவதால், 2 மீட்டர் மிதவை ஆழமுள்ள படகு ஓதம் இறங்கும்போது சேற்றில் அமர நேரிடும். சேறு மென்மையானதாகையால் படகு உடைவதில்லை. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்க நீரை உறிஞ்சும் குழாய் அடைபடும், வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேற முடியாது. கட்டித் திறப்பதற்குக் காட்டும் ஊக்கத்தில் பாதியை ஆண்டுதோறும் தூர்வாருவதில் காட்டியிருந்தால், தென்னிந்தியாவின் படகுப் பயணிகளுக்கு இத்தனை கவலை இராது.

இடைப்பட்ட பிற வாய்ப்புகளைச் சுருக்கமாகக் கூறலாம். கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் அஷ்டமுடிக் காயலின் அமைதி உண்டு, ஆனால் முகத்துவாரத்தில் நெடுஞ்சாலைப் பாலம் குறுக்கிடுவதால் உயர்ந்த பாய்மரம் உள்ளே போகாது. தூத்துக்குடியின் பழைய துறைமுகம் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கேற்றும் தோணிகளுக்கு உரியது. பருவக்காற்றில் பயணத்தை நிறுத்திக் கட்டிப்போடும் அவற்றின் ஒழுங்கு கற்கத்தக்கதே தவிர, அயல் படகுக்கு வசதிகள் குறைவு. 1911இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கினாலும், அது பெரும்பாலும் உறுப்பினரின் சிறு பாய்மரப் படகுகளுக்கானது. இலங்கையின் காலித் துறையே பல பத்தாண்டுகளாக உலகப் படகுகளின் வழக்கமான தங்குமிடமாக இருக்கிறது. அங்கும் உட்புகும் அலையின் ஆட்டம் பெயர்பெற்றது.

இடத்தை உறுதிசெய்தல்

இடம் கேட்பதற்கு முன் சட்டத்தின் வாயிலைக் கடக்க வேண்டும். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் கலம் சுங்கத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் முதலில் ஒதுங்கலாம். கோவளத்து மணலருகே நங்கூரமிட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகம் தேடிப் போவது குற்றமாகும். இணையவழி விசாவுடன் கடல் மார்க்கமாக நுழைய மும்பை, கோவா, மங்களூர், கொச்சி, சென்னை போன்ற குறிப்பிட்ட துறைமுகங்களே ஏற்கப்படுகின்றன. எனவே திருவனந்தபுரத்தை நாடுவோரும் கொச்சியில் பதிவை முடித்துவிட்டுத் தெற்கே வருவதே பாதுகாப்பான வரிசை. செயற்கைக்கோள் தொலைபேசியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும்: துராயா, இரிடியம் வகைக் கருவிகளை உரிமமின்றி இந்தியாவுக்குள் இயக்குவது தடைசெய்யப்பட்டது, நடுக்கடலில் உயிர்காக்கும் கருவியாக இருந்தது துறையில் வழக்காக மாறக்கூடும். வந்தவுடன் அதை அறிவித்து முத்திரையிடச் செய்வதே அறிவுடைமை.

இத்தகைய தாள்வேலை விழிஞ்ஞத்தில் இயலாது என்று எண்ண வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 சூலை முதல், கடலில் நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்களின் மாலுமிகள் விழிஞ்ஞத்தின் பழைய துறை வழியாக மாற்றப்பட்டார்கள். கேரளக் கடல்சார் வாரியமும் சுங்கம், குடிவரவு, சுகாதாரத் துறைகளும் ஒன்றுகூடி அதை நடத்தின. தேவை உணரப்பட்டபோது வாயில் திறந்தது.

அடுத்தது எழுத்தில் இடம் பெறுதல். நான்கு அளவுகளையும், வரும் நாளையும் போகும் நாளையும், காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே அனுப்பி, ஒதுக்கப்படும் இடத்தின் எண்ணையும் கட்டணத்தின் அடிப்படையையும் எழுத்தில் பெற வேண்டும். தொலைபேசியில் கிடைத்த ஒப்புதல், அதைச் சொன்னவர் மாற்றலாகிப் போனால் செல்லாமற்போகும். ஆழத்தைப் பற்றி அலுவலகம் தரும் எண் கட்டிய நாளின் எண்ணாக இருக்கலாமாதலால், ஓதம் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், சிறு படகில் போய் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் நுழைவாயிலிலும் இடத்திலும் அளந்து பார்ப்பதே நம்பத்தக்கது. இந்திய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகள் 120 வோல்ட்டில் இயங்குபவையாதலால் மின்மாற்றி இல்லாமல் இணைக்கக் கூடாது.

கட்டும் முறையிலும் இக்கரைக்குரிய ஒழுங்கு உண்டு. முன்னும் பின்னும் கட்டும் கயிறுகளோடு, படகு முன்பின்னாக ஓடாதபடி நடுவிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் சாய்வாக இழுத்துக் கட்டும் இரண்டு கயிறுகளும் வேண்டும். நீளும் தன்மையுடைய நைலான் கயிறே ஆட்டத்தின் விசையை வாங்கிக்கொள்ளும். கயிறு உரசும் இடங்களில் பழைய ரப்பர்க் குழாயைச் செருக வேண்டும். தளத்தில் தேய்ந்த இரும்பு வளையம் இருந்தால் அதை நம்பாமல் தூணையே சுற்றிக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளர் ஊருக்குப் போகும் நாட்களில் படகைப் பார்த்துக்கொள்ள, கடலறிந்த உள்ளூர் மனிதர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். காற்று திரும்புவதைக் கண்டு நள்ளிரவில் எழுந்துவந்து கயிறு மாற்றிக் கட்டும் ஒருவர், எந்த ஒப்பந்தப் பத்திரத்தையும்விட உறுதியான பாதுகாப்பு.

நாட்காட்டியால் பங்கிடுதல்

மீனவருக்குரிய நீரில் பயணப் படகுக்கு இடமே இல்லையா என்ற கேள்வி எஞ்சுகிறது. நாட்காட்டியைப் பார்த்தால் விடை சற்று நெகிழ்கிறது. தாய்லாந்து, மலேசியப் பக்கத்திலிருந்து மேற்கே செல்லும் படகுகள் வடகிழக்குக் காற்றைப் பயன்படுத்தி டிசம்பர் முதல் மார்ச் வரையில்தான் இக்கடலைக் கடக்கின்றன. விழிஞ்ஞத்தில் வள்ளங்களின் நெரிசல் உச்சமடைவதோ சூன் முதல் செப்டம்பர் வரை. ஒரே மிதவைத் தளத்தை இரு சாராரும் வெவ்வேறு மாதங்களில் பயன்படுத்துவது, கடலும் காற்றுமே வகுத்துத்தந்த பங்கீடாகும். சரக்குத் துறைமுக ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக மீனவருக்குப் புதிய மீன்பிடித் துறைமுகம் அமைக்க வேண்டும் என்ற கடப்பாடு இருக்கிறது. அது முதலில் நிறைவேற வேண்டும், அதற்கு முன் பயணப் படகுக்கென ஒரு மீட்டர் சுவரும் கேட்பது நியாயமன்று. அது கட்டப்படும்போது, வள்ளங்களின் நீளத்துக்கும் பெரும்படகின் அகலத்துக்கும் ஏற்ப இடைக்கம்புகளை நகர்த்தி மாற்றத்தக்க மிதவைத் தளங்களாக ஒரு பகுதியை அமைத்தால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை பத்துப் பதினைந்து பயணப் படகுகளுக்கு அங்கே இடமளிக்கலாம். தளத்தின் மேலாண்மையும் கட்டணமும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையிலிருந்தால், அமைதிக் காலத்தில் வரும் வாடகை கச்சான் காலத்துத் தூர்வாருதலுக்கும் கயிறு, வளையம் மாற்றுவதற்கும் ஆகும். டீசல் எஞ்சின் பழுதுபார்ப்போருக்கும் ஃபைபர் ஒட்டுவோருக்கும் பருவமற்ற மாதங்களில் வேலை கிடைக்கும். மே மாதத் தொடக்கத்துக்குள் எல்லாப் பயணப் படகுகளும் புறப்பட்டுவிட வேண்டும், மறுப்பவற்றை இழுத்துக் கொச்சிக்கு அனுப்பும் செலவுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை பெற வேண்டும் என்ற இரு விதிகளும் அத்தளத்துக்கான ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியவை.